இல்லத்துத் துப்பாக்கி
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் பயிர்க்காவலின்பொருட்டும் தற்காப்பின்பொருட்டும் லைசென்சு பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் உளர். அவருட் பலர் அதனைப் புதையல்போல் ஒளித்து வைக்கின்றனர். தேர்தற் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க எடுத்துச் செல்லும்போதுதான் அண்டை வீட்டார் அறிகின்றனர்; சில இல்லங்களிற் பெற்ற மக்களும் அன்றே அறிகின்றனர். இம்மறைப்பு நன்றன்று என்பதே யாம் கூற வந்தது.

பட்டறிந்தே கூறுகின்றோம். எந்தையாரிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அதைப்பற்றி எம்மிடம் அவர் ஒரு சொல்லும் கூறியதில்லை, கேட்பின் சினப்பர். மறைத்ததைத் தேடுதல் சிறுவர் இயல்பன்றோ? எமக்குப் பதினோராண்டு நிரம்பியபோது, யாமும் எம் இளவலும் பரண்மேலேறி அதனைக் கண்டெடுத்தோம். தோட்டா உள்ளதோ என்று பார்க்கும் வகையும் அறியேம். இளவல் விசையை இழுத்தான். கூரையோடு சிதறி வீழ்ந்தது. குழல்வாய்க்கும் எம் செவிக்கும் இடையே ஒரு சாணே இருந்தது.

எந்தையார் எம்மை அடித்திலர். திண்ணையில் நெடுநேரம் வாளாவிருந்தார். மறுநாள் எம்மிருவரையும் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, வெறுங்குழலைத் திறந்து காட்டினார். எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதென்றே கொள்க. சுடக் கருதாத பொருளின்மேற் குழல்வாய் செல்ல விடாதே. குறி பார்க்கும்வரை விரல் விசையைத் தொடலாகாது. குறிக்கு அப்பால் யாருளர் என்பதையும் நோக்குக என்றார். அதன்பின் பரணேறும் ஆவல் எமக்கு எழவில்லை.

குடகு நாட்டைப் பாருங்கள். 1861-ஆம் ஆண்டு முதல் குடகர் துப்பாக்கி லைசென்சினின்று விலக்குப் பெற்றவர். 2019-இல் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பர்த் தொடக்கத்திற் கொண்டாடும் கைல்பொள்து விழாவில், துப்பாக்கியை வீட்டுப் பூசையறையில் வைத்து மலர் சூட்டி வழிபடுகின்றனர். பின்னர் உயரக் கட்டிய தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டியில் மகளிரும் கலந்துகொள்கின்றனர். சூட்டும் மலரைத் ‘தோக் பூ’ என்பர். தோக் என்பது துப்பாக்கி. அம்மலர் நம் செங்காந்தளே! முருகனுக்குரிய மலர் ஆங்கே துப்பாக்கிக்கு உரியதாயிற்று. அங்கே விபத்தே இல்லையென்று கூறோம். ஆயினும் வீட்டிலுள்ள துப்பாக்கி வீட்டார் அனைவரும் அறிந்ததொன்று.

அவ்விலக்கு நமக்கில்லை, லைசென்சின்றி வைத்திருத்தல் குற்றம். வெளிப்படையாயிருங்கள் என்றோமேயன்றிப் பகட்டுங்கள் என்றிலேம். திருமணத்தில் வானை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு இடர் விளைப்போர்க்கு ஈராண்டுச் சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமென 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது.

பழக விரும்பும் இளைஞர்க்கு, வேட்டை பேசும் மாமனினும் முறையான பயிற்சிக் களமே தக்கது. பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கியில் தொடங்கலாம். அதன் குறியட்டையில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டரே! மூச்சடங்காதவன் அதனை எய்தான். தொடக்கத்திற் பல நாள் நிற்கவும் பிடிக்கவுமே கற்பிப்பர். பிள்ளைகள் சலிப்பர், சலிக்கட்டும்.

பெண்மக்கட்கும் இது வேண்டுமோவென்று முன்வரிசையில் ஓர் அம்மையார் வினவினர். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் நங்கை 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியிற் பொன் வென்றது இக்காற்றுத் துப்பாக்கியினாலேயே, அம்மையீர்! எம் மகளும் பழகுகின்றாள். சென்ற திங்கள் பாட்டனார் துப்பாக்கியை அவள் கையிற் கொடுத்தோம். பெற்றவுடன் குழல்வாயை நிலத்தின்பாற் சாய்த்து, திறந்து, வெறுங்குழலென்று எமக்குக் காட்டிய பின்னரே நிமிர்ந்தாள். அருகிலிருந்த எம் இளவல் அன்றும் ஒன்றும் பேசவில்லை.