தூத்துக்குடியில ஆறு மணி நேரம்: முத்து, கயிறு, மச்சான்

கப்பல் தூத்துக்குடியில நிக்குது, கையில ஆறே மணி நேரம். மதுரைக்கு வண்டி பிடிச்சா போக வரவே அஞ்சு மணி நேரம் போயிடும். அதுக்குப் பதிலா பீச் ரோட்டுக்கு வாங்க.

அங்க பனிமய மாதா பேராலயம் இருக்கு, 1713-ல கட்டினது. அந்த மாதாவைக் கொண்டாடுற பரதவர்கள், பல நூறு வருஷமா இந்தக் கடல்ல முத்துக் குளிச்சவங்க. கல் கட்டின கயித்துல காலை வச்சு இறங்கணும். சிலிண்டர் எல்லாம் கிடையாது, ஒரே மூச்சுதான். மூச்சு முட்டினா கயித்தை அசைக்கணும், தோணியில இருக்கறவர் உடனே தூக்கணும். ஒரு நிமிஷம் அசந்தா உயிர் போயிடும். அதனால, மனைவியோட அண்ணன் தம்பிகிட்டதான் அந்தக் கயித்தைக் குடுப்பாங்கன்னு இந்தக் கரையில சொல்வாங்க. கூடப்பிறந்தவளோட தாலியாச்சே, மச்சான் விடுவாரா?

அரசு நடத்தின கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சுது. அதனால முத்துமாலை வாங்குறதுக்கு முன்னாடி, 'இது எந்த ஊரு முத்துண்ணே?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மாலையை விட, கயிறு பிடிச்ச குடும்பத்துப் பெரியவங்க யாராவது பேசக் கிடைச்சா அதுதான் லாபம்.

திரும்பும்போது முந்திரி மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கோங்க. துறைமுகத்துப் பெயர்ப்பலகையையும் பாருங்க: வ.உ.சி. 1906-ல வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியா சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினவர். நீங்க இறங்கின துறைமுகத்துக்கு அவர் பேருதான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!