விலைக்கு வரியா, ஓட்டத்துக்கு வரியா?

வாகன வரியைப் பல காலமாக ஆராய்ந்துவரும் அறிஞர்கள் நிறைந்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது பெருமைதான். கூடவே கொஞ்சம் அச்சமும் இருக்கிறது. நான் இன்று சொல்லப்போவதற்கு நேர்மாறாக எழுதியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மின்வாகனங்கள் பெருகும் காலத்தில் மாநில நிதிநிலை என்னவாகும் என்பது அழைப்பிதழில் உள்ள பொருள். அதன் அகல நீளங்களை அடுத்தடுத்த அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தந்திருக்கும் நேரத்தை ஒரே கேள்விக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்: மின்வாகனக்காரர் சாலைக்குத் தம் பங்கைத் தருவதில்லை என்று சொல்கிறோமே, அந்தப் பங்கு எவ்வளவு, அதை எதைக் கொண்டு அளப்பது?

நிலவரம் உங்களுக்குத் தெரிந்ததே, விரைவாகக் கடக்கிறேன். மின்வாகனத்துக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு மின்கல வாகனங்களுக்குப் பதிவுக் கட்டணத்தையும் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தையும் நீக்கியது. தமிழ்நாடு தன் 2019 கொள்கையில் தந்த சாலை வரி விலக்கை 2023 கொள்கையில் 2025 டிசம்பர் வரை நீட்டித்தது. கெடு நெருங்கும்போதெல்லாம் நீட்டிப்பதா நிறுத்துவதா என்ற வாக்குவாதம் தலைதூக்குகிறது. கர்நாடகம் 2024இல் ரூ. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீத ஆயுட்கால வரி போட்டது. கேரளம் 2025 பட்ஜெட்டில் ரூ. 15 லட்சத்துக்கு மேல் 8 சதவீதம், ரூ. 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என்று அறிவித்தது. வெளிநாடுகளில் வேறு பாதை தெரிகிறது. ஐஸ்லாந்து 2024 ஜனவரி முதலும் நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதலும் மின்கார்களிடம் ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குகின்றன. ஆக, நம் மாநிலங்கள் விலையை அளக்கின்றன. அவர்கள் ஓட்டத்தை அளக்கிறார்கள். இரண்டில் எது நியாயம் என்பதில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு பெட்ரோல் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். விலை ஒரு லட்ச ரூபாய். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி தமிழ்நாட்டில் அதற்கு 10 சதவீத ஆயுட்கால வரி, அதாவது பதினைந்து ஆண்டுக்கும் சேர்த்து ரூ. 10,000. இந்த வண்டி ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்றால் 200 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் இருந்த விகிதத்தில் ஒன்றியக் கலால் வரி லிட்டருக்கு ரூ. 21.90. மாநிலம் மதிப்புக் கூட்டு வரியாக 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு ரூ. 11.52உம் வாங்குகிறது. சதவீதப் பகுதி விலையோடு ஏறி இறங்குவது, அதை விட்டுவிடுவோம். மிஞ்சியதை மட்டும் கூட்டினால் லிட்டருக்கு ரூ. 33.42, ஆண்டுக்கு ரூ. 6,684, பதினைந்து ஆண்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். வண்டியின் விலையே வரியாகப் போய்விடுகிறது. எதிர்கால வரவை இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்க்க வேண்டாமா என்று நிதித்துறை நண்பர்கள் கேட்பார்கள். 8 சதவீதத்தில் கழித்தாலும் ஏறத்தாழ ரூ. 57,000 நிற்கிறது. ஸ்கூட்டர்காரர் உண்மையில் வரி கட்டும் இடம் பெட்ரோல் பங்க், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவர் கட்டுவது அதில் சிறு பின்னம்.

இதே கணக்கை மேல்நோக்கிக் கொண்டுபோனால் படம் மாறுகிறது. பத்து லட்ச ரூபாய் காருக்கு 13 சதவீதம், ரூ. 1,30,000. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வைத்தால் அதன் எரிபொருள் வரி பதினைந்து ஆண்டில் நான்கு லட்சம், மூன்று மடங்கு. ரூ. 25 லட்சம் விலையுள்ள பெரிய காருக்கு 20 சதவீதம், ரூ. 5 லட்சம். அதே தூரம், லிட்டருக்கு 12 என்றால் எரிபொருள் வரியும் ஐந்து லட்சத்தை ஒட்டியே வருகிறது. ஆயுட்கால வரி விலக்கு என்ற சலுகை யாருக்கு எவ்வளவு போகிறது என்று இப்போது பாருங்கள்: மின் ஸ்கூட்டர் வாங்குபவருக்குப் பத்தாயிரம், சொகுசு மின்கார் வாங்குபவருக்கு ஐந்து லட்சம். உணவு டெலிவரிக்காக நாள் முழுக்க ஓடும் மின் ஸ்கூட்டரையும் வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் மின் ஸ்கூட்டரையும் இந்த விலக்கு ஒன்றுபோலவே நடத்துகிறது. நாளை விலக்கை நீக்கி ஆயுட்கால வரியைப் போட்டாலும் அப்படியேதான் நடத்தும். நீட்டிப்போர் கட்சிக்கும் நிறுத்துவோர் கட்சிக்கும் நடக்கும் வழக்கில் சாலை என்ற தரப்பு ஆஜராகவே இல்லை.

சாலை ஒரு காலத்தில் வரி அட்டவணைக்குள்ளேயே இருந்தது. நம் துறையில் அதிகம் புரட்டப்படாத ஓர் ஆவணத்துக்கு இங்கே உங்களை அழைக்கிறேன்: 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம். உள்ளாட்சிகள் ஆங்காங்கே சுங்கம் வசூலித்துவந்த முறைக்கு முடிவுகட்டி, மாகாணம் முழுவதற்கும் ஒரே வரி என்று வைத்து, சுங்க வருவாயை இழந்த உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு தந்த சட்டம் அது. அக்காலத்து மாகாணச் சட்டங்களின் அட்டவணைகளைப் பாருங்கள். சுமையேற்றிய எடை எவ்வளவு, இருக்கை எத்தனை, டயர் காற்றடைத்ததா கட்டி ரப்பரா என்று கேட்கும். இவையெல்லாம் சாலையைத் தொடும் விஷயங்கள். வண்டியை என்ன விலைக்கு வாங்கினாய் என்ற கேள்வி பின்னால் வந்தது. சொந்த வாகனங்களுக்கு ஒரே தவணையில் ஆயுட்கால வரி என்று ஆனபோது, வசூல் சுலபமாயிற்று. சாலை அட்டவணையிலிருந்து நழுவிவிட்டது. சரக்கு வாகனங்களுக்கு மட்டும் எடைக்கேற்ற காலாண்டு வரி இன்னும் நிற்கிறது. நம் பாடநூல்கள் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கதையைத் தொடங்குவதால், விலையை அளப்பதே இயல்பான முறை என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிட்டது.

1931க்கு முன்பே எரிபொருள் பக்கத்திலும் ஒரு ஏற்பாடு நடந்தது. எம். ஆர். ஜெயகர் தலைமையிலான சாலை வளர்ச்சிக் குழு 1927இல் அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1929இல் பெட்ரோல்மீது காலனுக்கு இரண்டு அணா கூடுதல் வரி போட்டு மத்தியச் சாலை நிதி உருவானது. பெட்ரோல் அன்று ஓட்டத்துக்கும் எடைக்கும் நல்ல அளவுகோல். இரண்டு வரிகளும் சேர்ந்து, வண்டி சாலையில் இருப்பதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று என்று நின்றன. இந்த மரபைக் காட்டித்தான் நம் மூத்த அறிஞர்கள் சிலர், பெட்ரோல் வரி முழுவதும் சாலைக்கான கைம்மாறு, அதைக் கட்டாத மின்வாகனக்காரர் ஓசியில் ஓடுகிறார் என்கிறார்கள். அவர்களின் வரலாற்று அறிவை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. முன் சொன்ன ரூ. 21.90இல் சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி ரூ. 5 மட்டும். அடிப்படைக் கலால் ரூ. 1.40, மாநிலங்களோடு பங்கிடப்படுவது அதுதான். மீதி, சிறப்புத் தீர்வையும் வேளாண் மேல்வரியும். சாலையின் பெயர் தாங்கிய தொகை நம் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு ரூ. 1,000, கிலோமீட்டருக்குப் பதினொரு பைசா. மாநில வரியிலிருந்தும் சாலை போடப்படுகிறதே என்பது சரியான மறுப்புதான். ஆனால் அந்தப் பொதுக் கருவூலத்திலிருந்துதான் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன. பெட்ரோல் வாங்காதவர் அவற்றுக்கு ஈடு கட்ட வேண்டும் என்றால், அது சாலைக் கணக்கு ஆகாது. பொது வருவாய்க் கணக்கு. அதைச் சுமத்தும் இடம் வருமானமும் ஆடம்பரமும், ஓட்டம் அன்று.

சட்டத்துறையிலும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. மோட்டார் வாகன வரி ஓர் ஈட்டு வரி, சாலை வசதிக்கு ஈடாக வாங்குவது என்று 1962இல் ராஜஸ்தான் ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்னும் நம் வகுப்பறைகள் மனப்பாடமாகச் சொல்கின்றன. 2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை அந்த ஈட்டு வரிக் கோட்பாட்டைக் கைவிட்டுவிட்டது. ஆகவே, சாலைக்கு ஈடு என்ற வாதம் இன்று சட்டத்தின் துணையோடு நிற்கவில்லை. நியாயத்தின் துணையோடு நிற்க வேண்டுமானால், யார் எவ்வளவு ஓடினார், எவ்வளவு எடையோடு ஓடினார் என்று காட்டியாக வேண்டும்.

அதைக் காட்டாமலே வசூலிக்கும் குறுக்குவழிதான் அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் சீரான ஆண்டுக் கட்டணம். நம்மிலும் அதற்கு ஆதரவாளர் உண்டு. எளிமை என்பது அவர்கள் வாதம். டெக்சாஸ் 2023 சட்டத்தின்படி மின்வாகனத்துக்கு ஆண்டுக்கு 200 டாலர். அம்மாநிலத்தின் பெட்ரோல் வரி காலனுக்கு 20 சென்ட். காலனுக்கு 30 மைல் தரும் பெட்ரோல் கார் மாநிலத்துக்கு 200 டாலர் கட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 30,000 மைல் ஓட வேண்டும். மறுபக்கம், கலிபோர்னிய வீடுகளின் மின்மானிப் பதிவுகளை வைத்து ஃபியோனா பர்லிக் உள்ளிட்டோர் செய்த ஆய்வு, மின்கார்கள் வீட்டில் எடுக்கும் மின்சாரம் அதிகாரிகள் எண்ணியிருந்ததில் பாதி அளவே என்று காட்டியது. கார்கள் குறைவாக ஓடுகின்றன என்பது அதற்கு ஒரு விளக்கம். குறைவாக ஓடுபவரிடம் மிகையாக வாங்கும் கட்டணம் எளிமையாக இருக்கலாம், நியாயமானதாக இல்லை.

இன்னொரு கூற்றையும் இங்கேயே முடித்துவிட வேண்டும்: மின்கலத்தின் எடையால் சாலை பாழாகிறது என்பது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து நமக்குக் கிடைத்த பாடம், சேதம் அச்சுச் சுமையின் நான்காம் படியை ஒட்டி ஏறுகிறது என்பது. காரின் அச்சுக்கு 0.8 டன் என்றும் மின்காருக்கு 0.93 டன் என்றும் கொண்டால் சேதம் 1.8 மடங்கு, கேட்கப் பெரிதாக இருக்கிறது. 11.5 டன் அச்சு ஒன்று ஒருமுறை கடப்பது அந்தச் சாதாரண கார் அச்சு நாற்பதாயிரம் முறை கடப்பதற்குச் சமம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் அனுமதிச் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்திய ஒரே அறிவிக்கை, முழுச் சுமையில் அந்த அச்சு செய்யும் சேதத்தை அறுபது சதவீதத்துக்கு மேல் கூட்டியது. அதைப் பற்றி எழுதாமல் மின் ஸ்கூட்டரின் எடையைப் பற்றி எழுதுவது ஆய்வுக்கு அழகன்று.

ஓட்டத்துக்கு வரி என்றால் வரும் மறுப்புகள் மூன்று. முதலாவது, வளரும் தொழிலை முளையிலேயே கிள்ளுவதாகும் என்பது. வாங்கும்போது தரும் சலுகையை விலை வரம்போடு சில காலம் தொடரலாம். ஓடும்போது ஓரளவு தருவது தொழிலைக் கொல்லாது. இரண்டாவது, மின்சாரத்தின் வழியாகவே வாங்கிவிடலாமே என்பது. நம் ஸ்கூட்டர் மின்சாரத்தில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 270 யூனிட், இரண்டு மாதத்துக்கு 45. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சிறு வீட்டில் அந்த 45 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிப்போகும்; அடங்காத வீட்டிலும் மிக்சிக்குப் போன மின்சாரம் எது, ஸ்கூட்டருக்குப் போனது எது என்று மின்மானி பிரித்துச் சொல்லாது. மூன்றாவது மறுப்பே கனமானது: ஓட்டத்தை யார் அளப்பது? ஜி.பி.எஸ். கருவி தேவையில்லை, நியூசிலாந்து ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் உரிமம் விற்று ஓடோமீட்டரோடு ஒப்பிடுகிறது. ஆனால் இங்கே சொந்த வாகனத்துக்குப் பதினைந்து ஆண்டு வரை எஃப்.சி. கிடையாது, மின்வாகனத்துக்குப் புகைச் சான்றும் கிடையாது. ஓடோமீட்டரைப் பார்க்க ஒரு கண்கூட இல்லாத வாகனம் மின்வாகனம்தான். எனவே எஃப்.சி.க்குக் கட்டாயம் வந்தாக வேண்டிய வணிக வாகனங்களிலிருந்து தொடங்க வேண்டும். சேதத்தின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் விதித்த கிலோமீட்டர் கட்டணத்தை 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று ரத்து செய்ததைக் காட்டி அஞ்ச வேண்டாம். அங்கே தடையானது, கலால் வரி மத்திய அரசுக்கே உரியது என்ற அவர்களின் அரசமைப்பு விதி. நம் மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம் சாலையில் ஓடும் வாகனத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே தருகிறது.

ஆகவே இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைப்பாடாக நான் முன்வைப்பது இது. விலக்கை நீட்டிப்பதா நிறுத்துவதா என்ற கேள்வியை விலை வரம்பு ஒன்றால் முடித்துவிடுங்கள். ஐந்து லட்ச ரூபாய்ச் சலுகை பெற வேண்டியவர் எவரும் இல்லை. சீரான ஆண்டுக் கட்டணத்தை எந்த வடிவில் வந்தாலும் எதிருங்கள். சரக்கு வாகனங்களுக்கு, டீசல் ஆனாலும் மின்சாரம் ஆனாலும், அச்சுச் சுமையும் தூரமும் சேர்ந்த ஒரே அட்டவணை வேண்டும். மின் இருசக்கர வாகனத்துக்கு, கிலோமீட்டருக்குப் பதினொரு பைசா என்பதே உச்சவரம்பு. அதற்குமேல் கேட்பவர், கூடுதல் பைசா எந்தச் சாலைச் செலவுக்கு என்று கணக்குக் காட்டட்டும். முன்வரிசை நண்பர்களின் மறுப்புகளை அமர்வுகளில் எதிர்பார்க்கிறேன். 1931ஆம் ஆண்டு அட்டவணையை ஒருமுறை படித்துவிட்டு வந்து மறுத்தால் இன்னும் மகிழ்வேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.