காகமும் ஒரு சமுதாயமே

 



ஆதம் (அலை) அவர்களின் இரு மைந்தர்களுடைய சரித்திரத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் நிறைவு செய்யும் விதத்தைச் சிந்தித்துப் பாருங்கள். சகோதரனைக் கொன்றவன் அவ்வுடலை என்ன செய்வதென அறியாது திகைத்து நின்றான். அவனுக்குக் கற்றுத்தர அல்லாஹுத்தஆலா ஒரு வானவரை அனுப்பவில்லை, காகத்தை அனுப்பினான். அது பூமியைத் தோண்டிக் காட்டியது. இந்தக் காகத்தளவுக்கேனும் நான் இல்லையே என்று அவன் கைசேதப்பட்டான். மண்ணறை தோண்டும் மனிதகுலத்தின் முதல் பாடம் ஒரு பறவையிடமிருந்து வந்தது.

அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் நிலையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவில் மட்டுமே வாழ்ந்த காகம் அது. 'அலலா' என்பது அத்தீவு மக்கள் இட்ட பெயர். காட்டு மரங்களின் கனிகளைத் தின்று, விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ச் சேர்த்து, காட்டையே வளர்த்த பறவை. குச்சியை அலகில் பிடித்து மரப்பொந்தில் உள்ள இரையை வெளிக்கொணரும் அறிவை அல்லாஹ் அதற்கு வழங்கியிருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் 2002இல் அது காட்டிலிருந்து மறைந்துபோனது.

காரணம் என்ன? காடுகள் அழிந்தன. மனிதன் கொண்டுவந்து விட்ட ஆடும் பன்றியும், பறவை மறைந்துகொள்ளும் புதர்களைத் தின்று தீர்த்தன. பயிரைக் கெடுக்கிறது என்று 1890களில் தோட்டக்காரர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். கப்பல் வழியே வந்த கொசு, பறவைகளைத் தாக்கும் மலேரியாவைப் பரப்பியது. பூனைகளின் கழிவு வழியே பரவும் நோய்க்கிருமியும் பல காகங்களைக் கொன்றது. பூனையை நேசிக்கும் நமக்குக் கேட்கக் கசப்பாக இருக்கலாம். குற்றம் பூனையுடையதன்று, அதை அங்கே கொண்டுபோனவனுடையது.

இங்கே ஒரு கேள்வி எழும். "இஹ்ராம் அணிந்தவர்கூடக் கொல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஐந்தில் காகமும் இருக்கிறதே, அதற்காக ஏன் வருந்த வேண்டும்?" அந்த ஹதீஸ் ஆதாரப்பூர்வமானதே. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் பதிவான ஓர் அறிவிப்பு, கறுப்பும் வெள்ளையும் கலந்த காகம் என்று வரையறுக்கிறது. தானியம் பொறுக்கும் காகத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் இதிலிருந்து விலக்கினார்கள். தீங்கைத் தடுப்பது வேறு, இனத்தையே துடைத்தெறிவது வேறு. நாய்களைப் பற்றி நபியவர்கள் என்ன சொன்னார்கள்? அவையும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமாக இல்லாதிருப்பின் அவற்றைக் கொன்றுவிடக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியிருக்கிறது. சமுதாயம் என்ற அந்த ஒற்றைச் சொல்லே ஓர் இனத்தை முழுமையான அழிவிலிருந்து காத்து நின்றது! பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் அறிவிப்பதும் இதையே.

சமுதாயம் என்றால் வெறும் தலைக்கணக்கு அல்ல. மூத்தோர் இளையோருக்குக் கற்றுத்தருவதும் அதில் அடங்கும். அலலாவின் கதையில் என் உள்ளத்தை உலுக்கியது இதுவே. ஒரு காலத்தில் ஏறத்தாழ 20ஆகக் குறைந்துவிட்ட இவ்வினம், கூண்டில் வளர்க்கப்பட்டு நூற்றைத் தாண்டியது. ஆனால் கூண்டில் பிறந்தவற்றின் குரலை, முன்பு காட்டில் பதிவு செய்த குரல்களோடு ஒப்பிட்டபோது, தன் எல்லையை அறிவிக்கும் கூவல் மறைந்துபோயிருந்தது. அபாயத்தை உணர்த்தும் குரல்களும் குறைந்திருந்தன. கற்றுத்தரும் காட்டுப் பெற்றோர் இல்லை, ஸனது அறுந்துவிட்டது.

2016 டிசம்பரில் ஐந்து இளம் காகங்களைக் காட்டில் விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று மடிந்தன. அத்தீவுக்கே உரிய பருந்து அவற்றின் எதிரி. அதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதை அவை முறையாகக் கற்றிருக்கவில்லை. பின்னர் மனிதர்கள் உயிருள்ள பருந்தைக் காட்டி, பழைய அபாயக்குரலின் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து, காகங்களுக்கு அஞ்சக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று மனிதனுக்குக் கற்றுத்தந்த இனத்துக்கு இன்று மனிதன் பாடம் நடத்துகிறான், அதன் ஆசிரியர்களை இல்லாமலாக்கிவிட்டு! 2019 வரை 30 பறவைகளை விட்டார்கள். 2020இல் எஞ்சியிருந்த ஐந்தையும் மீண்டும் கூண்டுக்கே கொண்டுவர நேர்ந்தது.

அம்முயற்சியாளர்கள் கைவிடவில்லை. அந்தப் பருந்து இல்லாத பக்கத்துத் தீவான மாவியைத் தேர்ந்து, 2024 நவம்பரில் அங்குள்ள கிப்பாஹுலு மலைக்காட்டில் ஐந்து காகங்களை விட்டார்கள்.

யா அல்லாஹ்! அக்காட்டில் கூடு கட்டி, தன் குஞ்சுக்குத் தானே கற்றுக்கொடுக்கும் ஒரு தாய்ப்பறவையை அவ்வினத்துக்கு மீண்டும் தந்தருள்வாயாக! ஆமீன்.