குளியாளித் தாத்தாவும் கருவாட்டுக் குழம்பும்

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் மூழ்கிய குளியாளிக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரட்டிப்பாகும். முதல் அடி செவிப்பறைக்குத்தான். தாத்தா டி.வி. சத்தத்தைக் கூட்டினால் வீட்டில் சண்டை வருகிறது. காதைச் சோதிக்கத்தான் யாரும் கூட்டிப்போவதில்லை.

காதின் கதை இப்படி; ரத்த அழுத்தத்துக்குக் கவனிப்பு உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை விழுங்கிய கையோடு கருவாட்டுக் குழம்பு! உப்பளத்து ஊராச்சே. நாளுக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழம்பில் புளியும் மிளகும் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். தாத்தாவுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது.