எட்டாத கடிதங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"இளமைக் காதலும் கொடிய நோயும்" என்னும் பொருள் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். பெரியோர் நிறைந்த சபையில் காதல் என்ற சொல்லை உச்சரிக்க என் போன்ற இளைஞனுக்கு நா எழாது. ஆயினும், சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று நாரதர் உரைத்த பின்னரும் அவனையே வரித்த சாவித்திரியின் கதையை நமக்குச் சொல்லித் தந்தவர்கள் நம் பாட்டிமார்களே அல்லவா? அந்தத் துணிவில் பேசுகிறேன்.

சாவித்திரி இதிகாசத்துப் பெண். அண்மைக் காலத்துத் தமிழ்ப் பெண் ஒருவரைப் பார்ப்போம். கணித மேதை இராமானுஜனை எல்லோரும் அறிவோம். அவர் மனைவி ஜானகி அம்மையாரை எத்தனை பேர் அறிவோம்? 1909இல் மணம் நடந்தபோது அம்மையாருக்கு வயது 10. அக்காலச் சிறுவர் மணத்தைப் போற்ற நான் வரவில்லை. 1912இல் அவர் கணவருடன் வாழ வந்தார். 1914 மார்ச்சில் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அம்மையாருக்கு 15 வயது நிரம்பச் சில நாட்கள் இருந்தன.

பின்னர் ஐந்தாண்டுப் பிரிவு. 1917இல் இராமானுஜன் நோய்ப்பட்டார். சயரோகம் என எண்ணிய வைத்தியர்கள் அவரை ஆரோக்கியசாலைகளில் கிடத்தினார்கள். இவர் எழுதிய கடிதங்கள் அவருக்கு எட்டவில்லை. அவர் எழுதியவை இவருக்கு எட்டவில்லை. கடலா தடுத்தது? உலகப் போரா தடுத்தது? இல்லை, அவை வீட்டுக்குள்ளேயே தடுத்து வைக்கப்பட்டன!

1919இல் அவர் மெலிந்து திரும்பினார். ஜானகி அம்மையார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரவு பகலாய்ப் பணிவிடை செய்தார். "உன்னையும் உடன் அழைத்துச் சென்றிருந்தால் இந்நோய் வந்திராது" என்ற பொருள்படக் கணவர் கூறியதை அம்மையார் முதுமையிலும் நினைவு கூர்ந்தார். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், இராமானுஜன் மறைந்தார். 21 வயதில் கைம்பெண்ணான அம்மையார், தையல் கற்றுத் தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார்.

அதே 1994இல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புக்களை ஆராய்ந்து, அது சயரோகமன்று, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், அதற்கு அந்நாளிலேயே சிகிச்சை இருந்தது என்றும் எழுதினார். மருந்தும் தவறியது, அன்பின் சொல்லும் தவறியது. முன்னது வைத்தியர்களுக்கு எட்டாமற் போனது. பின்னதோ வீட்டாரின் கைக்குள் இருந்தது!

அவர்களைக் குறை கூற எனக்கு என்ன தகுதி? உயர்தர வகுப்பில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இரத்தப் புற்றுநோயால் மகரகம வைத்தியசாலையில் கிடந்தான். அவன்பால் அன்பு கொண்ட மாணவி ஒருத்தியிடமிருந்து கைப்பேசியை வீட்டார் வாங்கிக்கொண்டனர். அவள் நான்கு வரி எழுதி என்னிடம் தந்தாள். ஊர் வாய்க்கு அஞ்சி, அதை ஏழு மாதம் என் பௌதிகவியற் புத்தகத்துள் மறைத்து வைத்தேன். பிழைத்து வந்த நண்பன், "ஊசி வலித்தது உண்மைதான், ஆனால் ஒருவரும் என்னைத் தேடவில்லையே என்பதுதான் கூட வலித்தது" என்றான். அன்றுதான் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

பெரியோர்களே! இளையோரின் ஆசை எல்லாவற்றுக்கும் இணங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் கெட்டுவிடும் என்று நோயை மறைக்காதீர்கள். நோயாளிக்கு வரும் அன்பின் சொல்லை மறிக்காதீர்கள் என்றே வேண்டுகிறேன். இன்று சயரோகத்துக்கு அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவச மருந்து உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் ஒழுங்காக உண்டால் குணமாகும். மறைப்பதே ஆபத்து.

தம்பி தங்கையரே! நோயுற்றவருக்கு, "உயிர் உள்ளவரை" என்ற பெரிய வாக்குகள் வேண்டாம். "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள், அடுத்த வாரமும் மறவாது கேளுங்கள். காலனோடு வாதாடச் சாவித்திரியால் முடிந்தது. நம்மால் ஒரு கடிதத்தை உரியவர் கையில் சேர்க்கவாவது முடியாதா?