கையுறை மாவும் மூச்சிழுப்பும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் வெட்டும் பால் கையுறையாக மாறுவதை யாவரும் அறிவோம். அக்கையுறையே சிலரது மூச்சை அடைக்கும் என்பது பலர் அறியாத சங்கதி. பாலிலுள்ள சில புரதங்களே காரணம். மரத்தடியில் பால் ஈரமாகக் கோப்பையில் கிடப்பதால் அவை காற்றில் ஏறுவதில்லை. கையுறைக்குள் சோளமாவு தூவும்போதுதான் வினை. மாவு புரதத்தைச் சுமந்துகொண்டு மிதக்கிறது. உதறும்போதெல்லாம் நெஞ்சுக்குள் போகிறது. 1980-களில் எய்ட்ஸ் அச்சத்தால் மருத்துவமனைகளில் கையுறை பெருகிற்று. தாதியருக்கு இழுப்பும் பெருகிற்று. அமெரிக்கா 2017 ஜனவரியில் மருத்துவத்துக்கான மாவுக் கையுறைகளைத் தடுத்துவிட்டது.

"நம் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு இது" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அப்படியல்ல. கையுறையை நீரில் நன்றாக அலசினாலே புரதம் பெரிதும் குறையும். மாவில்லாமலும் செய்யலாம். குற்றம் ரப்பருடையதல்ல, அவசரத்துடையது.

நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். இந்நோய் முதல் நாளே வராது. மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். உடம்பு ஒருமுறை அப்பொருளைப் பகையாகக் கொண்டுவிட்டால், பிறகு இம்மியளவு தூசி போதும். இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். லீவு நாளில் தணிந்து, வேலைக்குப் போனதும் திரும்பும். அதுவே அடையாளம். (புகைவீட்டுப் புகையும் ஆசிட் நெடியும் நெஞ்சை எரிப்பது வேறு, அதையும் சும்மா விடக்கூடாது.)

வேலை போய்விடும் என்று மறைப்பவர்களை நாம் அறிவோம். மறைப்பதுதான் ஆபத்து. சீக்கிரம் கண்டு தூசியை விட்டு விலகினால் குணமாக வழியுண்டு. வருடக்கணக்கில் சகித்தவருக்கு, வேலையை விட்ட பிறகும் இழுப்பு நிற்காமல் போகலாம். துணியால் மூக்கைக் கட்டுவது நுண்தூசிக்குப் போதாது. டாக்டரிடம் என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் மருந்து கிடைக்கும், காரணம் பிடிபடாது.

தொழில் நோய்க்கு நஷ்ட ஈடு கேட்க 1969-ம் வருட சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 முதல் அதில் சேர்ந்தவர்களே. ஆகவே, சம்பளம் குறையாமல் தூசியில்லாத பகுதிக்கு மாற்றக் கேட்பது பிச்சையல்ல.

இழுப்பு வந்த தேதி, அன்று பார்த்த வேலை, ஓய்வு நாளில் எப்படி இருந்தது, மூன்றையும் குறித்து வாருங்கள். எழுத இயலாதவர்கள் வாயால் சொன்னால் போதும். நாம் எழுதிக் கொடுக்கிறோம்.