கல்லீரல் புற்றுக்கட்டி வெடிப்பு: சிகிச்சையும் தொலைவும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அங்கே பாறை வெடிப்பு நேர்ந்தால், சிக்கியவரை உயிருடன் மீட்பதே முதற்கடமை. சுரங்கத்தைச் சீரமைப்பது அதற்குப் பின்னரே. இதனை இவ்வூர் முதியோர் நன்கறிவர். கல்லீரல் புற்றுக்கட்டி வெடித்தவருக்கு அளிக்கப்படும் சிகிச்சையும் இதே முறைமையைப் பின்பற்றுவதாகும்.

கட்டி வெடித்ததும் வயிற்றுக்குள் குருதி கசிகிறது. மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி தோன்றும், வயிறு உப்பும், நாடி விரையும், இரத்த அழுத்தம் தாழும். அந்நிலையில் கட்டியை உடனே அகற்ற முனைவது பலமுறை ஆபத்தாகவே முடியும். முதலில் இரத்தமும் திரவமும் ஏற்றி நோயாளியை நிலைப்படுத்த வேண்டும். அடுத்து, கசிவை நிறுத்த வேண்டும்.

இதற்கு இயற்கையின் அமைப்பே துணைபுரிகிறது. நலமான கல்லீரல் தன் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கினைப் போர்ட்டல் சிரை வழியே பெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியையே நம்பியுள்ளது. எனவே, தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குச் செல்லும் கிளையை அடைத்தால் கசிவு நிற்கும். எஞ்சிய கல்லீரல் பிழைக்கும். போர்ட்டல் சிரை அடைபட்டிருந்தாலோ, கல்லீரல் செயலிழந்திருந்தாலோ இம்முறை ஆபத்தானது. உடல் தேறிய பின்னர், தகுதியுடையோருக்குக் கட்டியை அறுவை செய்து அகற்றலாம்.

இச்சிகிச்சைக்குக் கருவிகளும் பயிற்சி பெற்ற வல்லுநரும் வேண்டும். இவை பெருநகர மருத்துவமனைகளிலேயே பெரும்பாலும் உள்ளன. பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபின், அதன் மருத்துவமனையும் செயலிழந்தது. 2021-இல் கோவிட் நோயாளிகளுக்காகத் தன்னார்வலர்கள் அதனைத் தூய்மை செய்து திறந்தனர். ஒரு நிறுவனம் மறைந்தால் ஊதியம் மட்டுமன்றி, அதனைச் சார்ந்த நலப்பணிகளும் மறைகின்றன என்பதற்கு இது சான்று.

ஆகவே, உள்ளூர் மருத்துவமனை மூன்று பணிகளைச் செய்யவல்லதாயின் பயன் பெரிது: வலியின் காரணத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் அறிதல், குருதி ஏற்றுதல், காலந்தாழ்த்தாது ஆம்புலன்சில் அனுப்புதல்.

வருமுன் காத்தலோ இதனினும் மலிவானது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இடத் தொடங்கியது. பின்னர் அங்கு குழந்தைகளிடையே கல்லீரல் புற்று குறைந்தது. இந்தியாவில் இத்தடுப்பூசி 2011-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணை இடப்பட வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசப் பரிசோதனையும் மருந்தும் வழங்குகிறது. கல்லீரல் சுருக்க நோயுள்ளோர் ஆறு திங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொண்டால், கட்டி வெடிக்கும் அளவுக்கு வளருமுன்னரே கண்டறியும் வாய்ப்புண்டு.

ஆனால், விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் திரும்பும் தொழிலாளிக்கு, பகலில் மட்டும் திறந்திருக்கும் பரிசோதனைக் கூடம் ஒருநாள் கூலியை விலையாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் அது திறந்திருக்குமானால், இலவசம் என்ற சொல் அவர்களுக்கும் உண்மைப் பொருளைத் தரும்.